மஞ்சள் குயில்ட்டும் ஒரு காந்தமும்

எத்தனை முறை தடவிப் பார்த்தால் ஒரு துணியில் ஊசி இல்லை என்று நம்பலாம்? எனக்கு இன்னும் தெரியவில்லை.

பெங்களூரு லிங்கராஜபுரத்தில், சர்ச் ஹாலில் கைவேலை விற்பனை நடக்கிறது. ஊர் திரும்பும் ரயிலுக்கு முன் எட்டிப் பார்க்க வந்திருக்கிறேன். பொழுதுபோக்காகத் துண்டுத்துணிகளை இணைத்துத் தைக்கும் ஸ்டெல்லா ஆன்ட்டியின் மேசையில் டேபிள் ரன்னர் எனும் நீள விரிப்புகள், பின்சுவரில் ஒரு துணி மயில். என் இடுப்பில் இருக்கும் மகள் ஒரு மஞ்சள் குயில்ட் போர்வையை இழுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறாள்.

"ஆன்ட்டி, உள்ளே குண்டூசி எதுவும் மாட்டியிருக்காதே?"

"மேல்துணி, பஞ்சு, அடித்துணின்னு மூணு அடுக்கையும் ஊசி குத்தி வச்சுத்தான் தைக்கிறேன். அதுக்குத்தாம்மா இது" என்று ஒரு காந்தத்தை, மேசையில் கிடக்கும் குயில்ட் பகுதி முழுக்க ஓட்டுகிறார். எதுவும் ஒட்டவில்லை.

"இன்னொரு வாட்டி?"

சிரித்துக்கொண்டே காந்தத்தை என்னிடம் தருகிறார். நான் ஓட்டும்போது, மகள் அணைத்திருக்கும் மூலையில் டக்கென்று ஒட்டுகிறது. ஆன்ட்டி மூலையை விலக்குகிறார். காற்றுக்கருப்பு அண்டாமலிருக்க மாமியார் சொல்லி, நானே மகளின் கவுனில் குத்திவிட்ட ஊக்கு.

"என் குயில்ட்டுக்குத்தாம்மா உன் பொண்ணால ஆபத்து."

குயில்ட்டை வாங்கிவிட்டேன். ஊக்கு இப்போது என் கைப்பையில் இருக்கிறது. வீட்டு வாசலில் மாமியார் முதலில் கவுனைத்தான் பார்ப்பார். அவரிடம் என்ன சொல்லட்டும்? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.