கூடத்தில் விழக்கூடாது

வானத்திலிருந்து குதிக்கப் பழகுவதற்கு மெட்ராஸிலேயே உகந்த இடம் எங்கள் வீட்டுக் கூடம்தான் என்று மாஸ்டர் கண்டுபிடித்தார். காரணம், உத்தரத்தில் இருந்த ஊஞ்சல் கொக்கிகள். அப்பா போன பிறகு பலகையையும் சங்கிலியையும் பரணில் ஏற்றிவிட்டிருந்தோம். கொக்கிகள் மட்டும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் மாடிப் போர்ஷன். மேலே நானும் அம்மாவும், கீழே வீட்டுக்காரர்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கம்ப்யூட்டர்களெல்லாம் ஒரே ராத்திரியில் ஸ்தம்பித்து உலகம் முடியப்போகிறது என்று நந்தனத்தில் என் ஆபீஸே பேசிக்கொண்டிருந்தது. உலகம் முடிகிற சமயத்தில் நான் கேஷ் கவுன்டரில் உட்கார்ந்திருக்க விரும்பவில்லை. லஸ்ஸில் ஒரு பழைய புத்தகக் கடையில் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. அதில் ஒரு படத்தில், கைக்கும் இடுப்புக்கும் நடுவே துணி தைத்த உடுப்பை மாட்டிக்கொண்டு ஒருவன் வௌவால் மாதிரி மலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தான். அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனேன்.

மாஸ்டர் பட்டாளத்தில் பாராசூட்டில் குதித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்று, திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில், கை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுகிற அறையில் இருந்துகொண்டு, ஆகாயத்தைப் பற்றி வகுப்பு எடுத்துவந்தார். மாணவர்கள், என்னைப் போல வேறு வேலை இல்லாத ஆபீஸ்காரர்கள் ஐந்து பேர். படத்தைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

"எறக்கை அப்பால பாத்துக்கலாம் மா. மொதல்ல கொட சரியா விரியலன்னா இன்னா பண்ணுவ, அத்த சொல்லு."

"அலறுவேன் மாஸ்டர்."

"அலறிக்கினே கீழ வந்து சேருவ. அவ்ளோதான்."

விஷயம் இதுதான். முதுகில் இரண்டு குடை, அதாவது பாராசூட். பெரியது சிக்கிக்கொண்டால் முதலில் அதைக் கழற்றிவிட வேண்டும். வலது மார்பில் சிவப்புப் பிடி. அதை இழுத்தால் பெரிய குடை அறுந்து போகும். பிறகு இடது மார்பில் வெள்ளிப் பிடி. அதை இழுத்தால் சின்னக் குடை விரியும். சிவப்பை விட்டுவிட்டு வெள்ளியை இழுத்தால் சின்னக் குடை போய்ப் பெரிய குடையோடு பின்னிக்கொள்ளும். அதற்கப்புறம் நமக்குத் தெரிந்த ஸ்லோகங்கள் எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாம்.

முதல் நாள் மாஸ்டர் பாராசூட் பட்டைகளை ஊஞ்சல் கொக்கிகளில் மாட்டி என்னைத் தொங்கவிட்டார். தரைக்கு ஓரடி உயரம். "சிவப்பு! அறு!" என்று கத்தினார். இழுத்தேன். தோள் கொக்கிகள் கழன்று பொத்தென்று கூடத்தில் விழுந்தேன். அடுத்த நிமிடம் கீழேயிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது.

"மாமி! மேல உரல் உருட்டறேளா? சுண்ணாம்பு கொட்டறது, என் காபில!"

அம்மா சமையல் உள்ளிலிருந்து வந்தாள். விளக்கை அணை என்றுகூடச் சொல்லமாட்டாள், மலையேற்றச் சொல்லுவாள். வாசலில் நின்று "போறேன்" என்றால் "போயிட்டு வரேன்" என்று திருத்தாமல் செருப்புப் போடவிடமாட்டாள். அவள் வீட்டில் ஒரு மனுஷர் "அறு, அறு" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"இதோ பாருங்கோ. வெள்ளிக்கிழமை விளக்கேத்தற வேளைல யாரும் தொங்கப்படாது. என் ஆத்துக் கூடத்துல யாரும் விழப்படாது. அந்த வார்த்தை என் காதுல விழவே படாது."

"அம்மா, இழுத்தா வுழணும். அதுக்குத்தான் பிராக்டீஸே" என்றார் மாஸ்டர்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ. காபி சாப்பிடறேளா?"

எதிரிப் படைக்கு நடுவில் குதித்தவர் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்பவர் மாஸ்டர். ஒரு டம்ளர் டிகாக்ஷன் காபியில் சரணடைந்தார். சிவப்பைத் தொட்டால் போதும், இழுத்த மாதிரிதான் என்று தீர்ப்பாயிற்று. வெள்ளிப் பிடியை இழுத்தால் யாரும் விழப்போவதில்லை, எனவே அதை நிஜமாகவே இழுக்கலாம். நம் ஊரில் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள முடியாத விஷயம் உண்டா என்ன? மூன்று பேர் ஸீட்டில் ஐந்து பேர் உட்காருகிறோம், புவியீர்ப்பு மட்டும் என்ன பெரிய மனுஷியா?

ஆக தினம் சாயங்காலம் இது ஒரு பூஜை மாதிரி நடந்தது. நாங்கள் ஒவ்வொருவராகத் தொங்குவோம். மாஸ்டர் "சிவப்பு" என்பார், மரியாதையாக. நாங்கள் சிவப்பைப் பார்த்து, பிடித்து, விட்டுவிடுவோம். யாராவது விழுந்து தொலைத்தார்களோ என்று உள்ளேயிருந்து அம்மா, "ஆச்சா?" என்பாள். "ஆச்சு!" என்போம். பிறகு வெள்ளியைச் சரக்கென்று இழுப்போம். வீட்டுக்காரர் காபியில் சுண்ணாம்பு விழவில்லை. எல்லோருக்கும் பரம திருப்தி.

குதிக்கிற நாளும் வந்தது. ஊருக்கு வெளியே, ஆடு மேய்கிற பழைய ஓடுதளம். ஆட்டை ஓட்டிவிட்டுத்தான் விமானம் கிளம்ப வேண்டியிருந்தது. காலையில் அம்மா நெற்றியில் விபூதி இட்டு, தயிர்சாதம் கட்டிக் கொடுத்து, "போயிட்டு வா" என்றாள். அந்த "வா"வைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். அதைக் கவனிக்காதவள் மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டேன்.

விமானக் கதவிலிருந்து குதித்ததும் ஒரு நாடா தானாகவே குடையைத் திறந்துவிடும். திறந்தது. திறந்த குடையின் மேல் கயிறு ஒன்று குறுக்கே விழுந்து, இடுப்பில் அரைஞாண் கட்டின தொப்பை மாதிரி அது இரண்டாகப் பிதுங்கி நின்றது. நான் சுற்ற ஆரம்பித்தேன். வயல், வானம், வயல், வானம். மாஸ்டர் சொன்ன கெட்ட குடை இதுதான் என்று புரிந்தது. அப்போது எனக்குப் பயமில்லை. பெருமையாக இருந்தது என்றே சொல்ல வேண்டும். படித்த கேள்வியே பரீட்சையில் வந்த பெருமை.

சிவப்பைப் பார்த்தேன். பிடித்தேன். "ஆச்சு" என்றேன். கை தானாக விட்டுவிட்டது.

இன்னொரு கை வெள்ளியில் இருந்தது. இழுக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் இழுக்கவில்லை. எதற்கோ காத்திருந்தேன். என்னவோ ஒன்று பாக்கி இருந்தது. காற்று மட்டும் காதில் இரைந்தது. அம்மா இன்னும் "ஆச்சா?" என்று கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று எரிச்சலாகக்கூட வந்தது. பதில் சொல்லிவிட்டேன், கேள்வியைக் காணோம். அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். பெரிய குடை அப்படியே என்னோடு சுற்றிக்கொண்டிருந்தது. ஆகவில்லை. எதுவுமே ஆகவில்லை. பயம் அப்போதுதான் வந்தது. இரண்டு கையாலும் சிவப்பை இழுத்தேன். உடம்பு சட்டென்று கனம் இழந்து கீழே போயிற்று. கூடத்தில் ஒரே ஒரு தடவை, முதல் நாள், விழுந்த அதே விழுகை. பிறகு வெள்ளி. சின்னக் குடை படாரென்று விரிந்தது. வேர்க்கடலைக் கொல்லை ஒன்றில், ஆடுகள் முன்னிலையில், உட்கார்ந்தவாக்கில் இறங்கினேன்.

ஓடிவந்த மாஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். பக்கத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "தப்பு என்துமா, காபிக்கு ஆசப்பட்டு..." என்றார்.

அம்மாவிடம் மறைக்க நினைத்தேன், முடியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். சாயங்காலம் மாஸ்டர் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், பட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக. ஆகாயம் என் ஜாதகத்தில் இல்லை என்று நானும் முடிவு செய்திருந்தேன்.

அம்மா உள்ளேயிருந்து அப்பாவின் இலவம்பஞ்சு மெத்தையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். கொக்கிகளுக்கு நேர் கீழே போட்டாள்.

"மாட்டுங்கோ அவளை."

மாஸ்டர் என்னைத் தொங்கவிட்டார். "சிவப்பு" என்றார், பழைய மரியாதையோடு. என் கை போயிற்று, தொட்டது, விட்டது. "ஆச்சு" என்று வாயும் சொல்லிற்று.

"ஆகலடி!" அம்மாவின் குரல் கிறீச்சிட்டது. கண்ணில் தண்ணீர் நின்றது. "அறுடி! அறுத்துத் தொலை!"

அந்த வார்த்தையை அவள் வாயில் நான் கேட்டதேயில்லை. இழுத்தேன். பொத்தென்று விழுந்தேன்.

"மாமி! என்ன, உத்தரமே விழறதா?" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது.

"என் பொண்ணு விழறா!" என்று அம்மா தரையைப் பார்த்துக் கத்தினாள். "இன்னும் விழுவா! காபியை மூடி வெச்சுண்டு குடிங்கோ!"

பிறகு என் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"ஏறு. இன்னொரு தரம்."