நாத்தனாரின் ஆறாவது விளக்கு

கணவன் வீட்டை விட்டு வந்த என் நாத்தனார், மேற்கு மாம்பலத்தில் எங்கள் வாசலில் இறக்கியது ஒரு பெட்டித் துணியும், நாலு பேர் தூக்கித் திணறிய, மரம் கடையும் ஒரு லேத்தும்தான். நகையெல்லாம் எங்கே என்று கேட்ட என் கணவரிடம், "அதை வித்துத்தான் அண்ணா இதை வாங்கினேன்" என்றாள். எனக்குத் தலை சுற்றியது. மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் லேத் குடியேறிய நாளிலிருந்து, நான் காயப்போட்ட புடவையெல்லாம் மரத்தூள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இவள் எப்போது கிளம்புவாள் என்று நான் வேண்டாத சாமியில்லை.

ஆனால் அவள் வேலையை வேடிக்கை பார்க்கப் போனால் அடுப்பில் பால் வைத்ததுகூட மறந்துவிடும். தேக்கையும் பலாவையும் விரல் நீளத் துண்டுகளாக, முனைகளைச் சாய்த்து அறுப்பாள். பன்னிரண்டு துண்டு ஒட்டினால் ஒரு வளையம். வளையத்தின்மேல் வளையமாக அடுக்கி ஒட்டி, லேத்தில் சுழலவிட்டு உளியை வைத்தால், முண்டும் முடிச்சுமாக இருந்தது பூசணிபோல் உருண்டு வரும். மேலே பல்பும் குடையும் மாட்டினால் மேசை விளக்கு. ஒரு துண்டின் சாய்வு மயிரிழை பிசகினாலும் பன்னிரண்டாவது துண்டு சேராது. மரத்தூளைப் பசையில் குழைத்து அந்த இடைவெளியை அடைக்க மாட்டாள். வளையத்தையே தூக்கிப் போடுவாள். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்துத்தான் போயிற்று.

பெசன்ட் நகரில் உணவகம் திறக்கவிருந்த ஓர் அம்மாள் ஆறு விளக்கு கேட்டார். பிடித்திருந்தால் அடுத்த கிளைக்கும் இவளுக்கே வேலை. அது கிடைத்தால் தனியாக வீடு பிடித்துவிடலாம் என்று அவள் நினைத்தாள். நானும்தான். ஐந்து முடிந்தது. ஆறாவதற்கு வளையங்களைத் தயாராக வைத்துவிட்டு, "நான் வந்து ஒட்டிக்கிறேன் அண்ணி, தொடாதீங்க" என்று வயர் வாங்கக் கிளம்பினாள். நான் தொட்டேன். சீக்கிரம் முடியட்டுமே என்றுதான். இணைப்புக்கு நேரே இணைப்பு வருமாறு, கோடு கிழித்ததுபோல் அழகாக அடுக்கி ஒட்டி, மேலே ஒரு கல்லையும் ஏற்றி வைத்தேன்.

சாயங்காலம் வந்து பார்த்தவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இன்னா அண்ணி, செங்கல் சுவரைப் பார்த்ததே இல்லையா? கீழ இணைப்பு வர்ற இடத்துல மேல துண்டோட நடு வரணும்."

"பார்க்க நல்லாத்தானே இருக்கு? கொடுத்துடு. யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாள். மேலிருந்து கீழ்வரை ஒரே கோட்டில் பிளந்தது. பிறகு என் எதிரிலேயே அந்த அம்மாளுக்குப் போன் செய்தாள். "மேடம், ஒண்ணு என் கையால கெட்டுப்போச்சு. நாலு நாள் டைம் கொடுங்க." என் கையால என்றாளே, பாவி! அவள் கிளம்ப வேண்டும் என்று வேண்டிய வாயால், அவள் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். திறப்பு விழாவுக்கு முந்தின நாளாவது வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனை வைத்தார்.

மறுபடி அறுத்து வளையங்கள் தயாரான அன்று, மாடியிலிருந்து கூப்பிட்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். பசைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"வாங்க அண்ணி. இந்த வாட்டியும் நீங்களே ஒட்டுங்க."

அடுத்த கிளை வேலையும் அவளுக்கே கிடைத்து, இப்போது அவள் வேளச்சேரியில் தனியாக இருக்கிறாள். அந்த உணவகத்துக்குப் போகும்போதெல்லாம் மேசை மேசையாக ஆறு விளக்கையும் சுற்றிப் பார்க்கிறேன். நான் ஒட்டியது எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவளைக் கேட்டால், "மறந்துபோச்சு அண்ணி" என்கிறாள். எந்தத் துண்டு எந்தப் பலகையில் அறுத்தது என்று இன்றும் சொல்லக்கூடியவள், இதை மட்டும் மறந்துவிட்டாளாம்!