கம்பங்காட்டில் அவள் குரல்

கம்புக் கதிர் பால் பிடித்ததும் மாரண்டஹள்ளிப் பக்கத்துக் கிளிகளெல்லாம் எங்கள் காட்டுக்குத்தான் வரும். தக்காளி வண்டிக்காரர்கள் வைத்திருக்கும் ஒலிபெருக்கி ஒன்றை வாங்கிக் கம்பத்தில் கட்டினோம். பொத்தானை அழுத்திப் பேசினால், பேசியதையே நாள் முழுக்கத் திரும்பச் சொல்லும். என் மனைவி பேசினாள்.

"ஏய்... போங்க, போங்க! உங்க வூட்ல சோறில்லையாங்க?"

பக்கத்துக் காட்டுத் தம்பி வரப்பில் நின்று சிரித்தான். "ஏன் அண்ணி, கிளிக்கெல்லாமா மரியாதை? இப்படிச் சொன்னா உக்காந்து சாப்புட்டுத்தான் போவும்."

அவள் பதிவை நிறுத்த மறந்திருந்தாள். அதட்டலின் வாலில் அவள் சிரிப்பும், வரப்பில் புல் அறுக்கும்போது அவள் முனகும் மெட்டின் ஒரு துண்டும் ஒட்டிக்கொண்டன. மேலே ஏறி, ஏறிய இடத்திலேயே அறுந்துபோகும் துண்டு.

அடுத்த வாரம் சேலத்தில் அவள் கழுத்துக் கட்டியை எடுத்தார்கள். கட்டி குரல் நரம்பை ஒட்டியே இருந்தது, பழைய குரல் வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். வீட்டில் அவள் ஜாடையில் பேசினாள். காட்டில் மட்டும் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தாள்.

ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவன் நான். டீ குடிக்கும்போதும் நடப்பவன். என்னை அந்தக் கம்பம் உட்கார வைத்தது. அதட்டல் முடியும், சிரிப்பு முடியும், மெட்டு ஏறும். அந்த ஏற்றத்துக்காகக் காத்திருப்பேன். காத்திருந்த இடைவெளிகளில் மற்றதெல்லாம் காதுக்குள் வந்தது. கௌதாரி மெல்லத் தொடங்கி உரக்க முடிப்பது, கம்பந்தாள்கள் உரசிக்கொள்வது, கிளி மணியைக் கடித்து உமியைத் துப்பும் சின்னச் சத்தம். ஆமாம், கிளிகளுக்கு அவள் குரல் பழகிவிட்டது. ஒன்று ஒலிபெருக்கியின் மேலேயே உட்கார்ந்து தின்றது.

"அண்ணா, வேற குரல் போடுங்க," என்றான் தம்பி. "நான் கத்தட்டா? மரியாதையில்லாமத் திட்டுவேன்."

புதிதாகப் பேசினால் பழையது அழிந்துவிடும். போனில் பிடித்துவைக்கப் பார்த்தேன், காற்றுதான் விழுந்தது.

"போனாப் போவுது, தின்னட்டும் உடு."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

ஒரு காலையில், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவளே காட்டுக்கு வந்தாள். பாதி மொட்டையாகிக் கிடந்த கதிர்களைப் பார்த்தாள். தன் குரல்மேல் உட்கார்ந்திருந்த கிளியைப் பார்த்தாள். "இரு, இரு" என்று நான் ஓடுவதற்குள் பொத்தானை அழுத்திவிட்டாள்.

"ஏய்... போங்க!"

கரகரப்பு. ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பது போல ஒரு குரல். காடு முழுக்கக் கிளிகள் எழுந்து பறந்தன.

"இதுக்குத்தான் பயப்படுதுங்க பாருங்க," என்று சிரித்தாள். சிரிப்பு வெறும் காற்றாக வந்தது. அரிவாளை எடுத்துக்கொண்டு வரப்புக்கு நடந்தாள்.

இந்த முறையும் நிறுத்த மறந்திருந்தாள். அவள் புல் அறுக்கத் தொடங்கிச் சற்று நேரம் கழித்துத்தான் எனக்கு அது உறைத்தது, ஓடிப்போய் நிறுத்தினேன். கம்பம் திரும்பச் சொல்லத் தொடங்கியது. அதட்டல், பேச்சு, காற்று, பிறகு மெட்டு. அது மேலே ஏறவில்லை. ஏறவேண்டிய இடத்தில் ஒரு கணம் தயங்கி, கீழ்வழியாகச் சுற்றிக்கொண்டு, கடைசி வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்த மெட்டுக்கு ஒரு முடிவு உண்டென்று எனக்கு அன்றுதான் தெரியும்.