இடுப்புக் கயிறு

பெருங்களத்தூரில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவர் ரத்தினபாய் அக்கா. அவரால் எனக்குத் தினமும் பேச்சுதான். ஒரு எக்ஸ்ரேக்கு இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டால், காத்திருக்கிறவர்கள் வரவேற்பு மேசையில் இருக்கும் என்னைத்தானே பிடுங்குவார்கள்? செயின், ஊக்கு, வளையல் எதையும் விடமாட்டார், கழற்றியே ஆகவேண்டும். உலோகம் படத்தில் விழுந்தால் மறுபடி எடுக்க வேண்டும், உடம்பில் மறுபடி கதிர்வீச்சு படும். அதுவும் குழந்தை என்றால் அக்காவுடைய கெடுபிடி இரண்டு மடங்கு.

அது ஏன் என்று போன மாதம்தான் தெரிந்தது.

சிறுசேரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்யும் தனம் தன் இரண்டு வயது மகனோடு வந்திருந்தாள். அவனுக்குப் பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகல், அவ்வப்போது படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அரைஞாண் கயிற்றில் வெள்ளித் தாயத்து தொங்கியது. முதல் பிள்ளையைக் காய்ச்சலில் பறிகொடுத்தவள் அவள். கோயிலில் மந்திரித்துக் கட்டியது, உடம்பைவிட்டுப் பிரிக்கவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். அக்கா கெஞ்சிப் பார்த்தார். இடுப்பிலிருந்து அவிழ்த்து மணிக்கட்டில் கட்டலாம் என்றும் சொன்னார்.

"போன வாட்டி இதோடதானக்கா எடுத்தீங்க?" என்றாள் தனம்.

அக்கா முகம் சுண்டிவிட்டது. கதவருகே நின்ற எனக்கே பாவமாக இருந்தது. அப்படியே பேச்சை மாற்றியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

"ஆமாம்மா. அவசரத்துல நான் சட்டையைத் தூக்கிப் பார்க்கல. தாயத்து மூட்டு மேலயே வெள்ளையா விழுந்துடுச்சு, ரெண்டாந்தடவை எடுத்தேன். நீ சரியா புடிக்கல, குழந்தை அசைஞ்சிடுச்சுன்னு உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். தப்பு என்னோடது. இன்னிக்கும் அவனுக்கு ரெண்டு தடவை வேணாம்."

தனம் நன்றாகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன். அவள் குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். தாயத்தை மகன் மணிக்கட்டில் தானே கட்டினாள். பிள்ளையைப் பிடித்துக்கொள்ள உள்ளே நிற்கவேண்டிய அவளுக்கு, கதிர் படாமலிருக்க அக்கா ஈய ஏப்ரனை மாட்டிவிட்டார்.

கதவைச் சாத்தினார். படம் எடுக்கும்போது எரியும் சிவப்பு விளக்கு கதவுக்கு மேலே ஒரு முறை எரிந்து அணைந்தது. மறுபடி எரியக் கூடாதே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எரியவில்லை.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தனம் வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஆறு மாசமா என் கையதான் நொந்துகினு இருந்தேன்," என்றாள் என்னிடம். "அன்னிக்கும் நான் இப்டிதான் கெட்டியா புடிச்சுகினு இருந்தேன்."