ஓரத்தில் பென்சிலால் எழுதியது

தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவள் நான். தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்கிறவர்களுக்குக் கை ஏன் வெடிக்கிறது என்று எங்கள் டாக்டரம்மா ஆராய்ச்சி செய்தார். போய்க் கேட்டுக் கேள்வித்தாளை நிரப்பி வருவது என் பொறுப்பு.

இப்படிச் சின்ன ஆஸ்பத்திரிகள் ஆராய்ச்சி செய்ய ஒரு திட்டம் பயிற்சியும் பணமும் கொடுத்தது. அதனால் உபயோகம் உண்டா என்று பார்க்க, சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தார். புள்ளிக்கணக்கு வேண்டாமாம், நாலைந்து பேருடைய கதையை முழுசாகக் கேட்டு எழுதுவாராம். அந்த நாலைந்தில் நானும் ஒருத்தி.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் நான் ஒரு தப்பு செய்திருந்தேன்.

"இன்னா பண்ணிடுவாங்க, தூக்குலயா போடுவாங்க? வேலைய விட்டு எடுப்பாங்க, அவ்ளோதான்" என்று வீட்டுக்காரர் தைரியம் சொன்னார்.

அந்தப் பெண் டேப் ரெக்கார்டரைத் தட்டிவிட்டு, "உங்க வேலையப் பத்திச் சொல்லுங்கக்கா" என்றார். சொன்னேன். "அப்புறம்?" என்று சிரித்த முகமாகப் பார்த்தார். வேறு கேள்வியே கிடையாது. எதிரில் ஒருத்தர் சும்மா இருந்தால் நான் எதையாவது உளறிவிடுவேன். பதில் சொல்கிறவர்களுக்கு வைத்திருந்த பிஸ்கட்டில் ரெண்டு நான் தின்றதைச் சொன்னேன். "அப்புறம்?" காய்ச்சல் என்று லீவு போட்டு நாத்தனார் வளைகாப்புக்குப் போனதைச் சொன்னேன். "அப்புறம்?" கேசட் தீர்ந்து, மறுபக்கம் திருப்பினார். அந்தப் பக்கமும் எனக்கேதானா என்று அழுதே விட்டேன். கடைசியில் அந்தப் பெரிய தப்பையும் சொன்னேன்.

"தொழிலாளிங்களத்தான் கேக்கணும்னாங்க. கேட்டா, பக்கத்துல மேஸ்திரி நிக்கறார். எல்லாரும் கையுறை போட்டுத்தான் வேலை செய்றோம்ங்கறாங்க. கையப் பாத்தா உரிஞ்சு கெடக்குது. அதான் தண்ணிக் குழாயாண்ட அவங்க வீட்டுப் பொம்பளைங்களக் கேட்டு, தாள் ஓரத்துல பென்சில்ல எழுதிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"கையுறையப் போட்டா ஈரத்தோல் கையில நிக்காம வழுக்குதாம். அதனால கையுறை வீட்ல இருக்குது. அடுப்புலேர்ந்து சோத்துக் குண்டான் எறக்க."

அவர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. எனக்கு அழுகை நிற்கவில்லை. இதை டாக்டரம்மாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டார், அழுதுகொண்டே தலையாட்டினேன்.

மறுவாரம் டாக்டரம்மா கூப்பிட்டார். வேலையை விடுகிற கடுதாசியோடு போனேன். "இத்தனை நாளா இதை ஏம்மா சொல்லல?" என்று முதலில் திட்டினார். அப்புறம், "இனிமே வீட்டுக்கும் போய்க் கேளு. பேனாவுலயே எழுது" என்றார். சென்னைப் பெண் எழுதிய அறிக்கையில் பேர் போடாமல் ரெண்டு பக்கம் என் கதைதானாம். பிஸ்கட்டும் அதில் இருக்கிறதா என்று கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

பயந்து பயந்து நான் மறைத்ததுதான் நான் செய்ததிலேயே உருப்படியான வேலை என்பது, ஒருத்தர் பொறுமையாக உட்கார்ந்து கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.