பேணியை மட்டும் காட்டிய கண்ணாடி

கொடிகாமம் சந்தையில் மாம்பழ லொறி என்றால் கதிரவேலு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தள்ளுவண்டியில் தொடங்கியவன் நான். இன்று என் லொறிகள் கொழும்புக்கு ஓடுகின்றன. பழத்தைக் கையில் வாங்கினால் போதும், எந்தக் காணியில் பிடுங்கியது என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லத் தேவையே இல்லாத பழம் என் பக்கத்துக் காணி கேதீஸ்வரியின் கறுத்தக்கொழும்பான். வாசமே காட்டிக் கொடுத்துவிடும். இந்த வருடம் அது என் லொறியில் ஏறவில்லை. அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

புருஷன் செத்த பிறகு அந்த மாமரங்களை வைத்தே மகள் மதுராவைப் படிப்பித்து, யாழ்ப்பாணத்தில் வேலைக்கு அனுப்பியவர் கேதீஸ்வரி. பிறகு குரங்குக் கூட்டம் வந்தது. தின்பதைவிடக் கடித்து எறிவதுதான் கூட. வெடி கொளுத்தினோம். ஒரு கிழமை பயந்தன, பிறகு சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தின்றன.

அவர் பெயரில் அனுமதி எடுத்து, குரங்கைச் சுட ஒரு காற்றுத் துவக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்தான். எதை வாங்கினாலும் திறமாக வாங்குவது என் வழக்கம். துவக்கின் மேல் பூட்டும் குழாய்க் கண்ணாடியையும், திருகினால் மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாகக் காட்டுவதாகப் பார்த்து எடுத்தேன். ஸ்டியரிங் பிடித்த என் கைக்கு அந்தத் துவக்கு படியவில்லை. அவருக்கு ஒரே நாளில் படிந்துவிட்டது.

ஆனால் அவர் குரங்கைச் சுடவில்லை. சனிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயருக்கு வெற்றிலை மாலை சாத்துகிறவர். வெறும் பால்மாத் தகரப் பேணிகளைக் கொப்புகளில் கட்டித் தொங்கவிட்டார். குரங்கு ஏறினால் அதற்குப் பக்கத்துப் பேணிக்கு அடிப்பார். காதடியில் 'டங்' என்று கேட்டதும் கூட்டம் முழுக்கப் பாய்ந்து ஓடும்.

"குரங்குக்கெண்டு வாங்கித் தந்தால் நீ பேணியோடை சண்டை பிடிக்கிறாய், தங்கச்சி" என்றேன்.

"பேணிக்குக் குடும்பம் இல்லை, அண்ணை."

"பேணி வாங்கியே நான் ஆண்டியாகப் போறன்."

"நீங்களோ? உங்கடை வண்டி வத்தினாலல்லோ அதை நம்பலாம்" என்று என் வயிற்றைக் காட்டிச் சிரித்தார்.

கண்ணாடியை எப்போதும் நாலு மடங்கிலேதான் வைத்திருப்பார். பெரிதாக்குவதற்கென்று கொடுத்த கண்ணாடி வீணாகப் போகிறதே என்று எனக்கு ஒரு குறை. நாலில் பேணி சின்னனாகத்தான் தெரியும். ஆனால் அதற்கு முன்னால் உள்ள கொப்பு, பின்னால் உள்ள இலை, பக்கத்தில் உள்ள குரங்கு எல்லாமே தெரியும்.

போன வருடம் அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. மதுரா ஆஸ்பத்திரியில் திகதி எடுத்தும், "காய் இறங்கட்டும்" என்று தள்ளிப் போட்டார். பேணி தெரியாமல் போகப் போக, கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி ஒன்பதுக்குக் கொண்டுவந்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை.

அன்று காலை நான் காய் பார்க்கப் போயிருந்தேன். தூர மரத்தில் குரங்குகள் ஏறின. அவர் துவக்கை எடுத்துக் குந்தியிருந்து சுட்டார். பேணிச் சத்தம் கேட்கவில்லை. பாதித் தூரத்தில் நின்ற பலாமரத்திலிருந்து ஒரு குட்டி விழுந்தது. தாய் இறங்கி வந்து அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனது. அதன் கை தொங்கிக்கொண்டு போனதை இருவரும் பார்த்தோம்.

"பேணிக்குக் கீழை மண்ணிறமா ஒரு புகை தெரிஞ்சது, அண்ணை. என்ரை கண்ணிலை உள்ள புகையெண்டு நினைச்சன்."

அந்தச் சனி அவர் கோயிலுக்குப் போகவில்லை. அடுத்த சனியும் போகவில்லை. துவக்கைத் தொடவில்லை. மிஞ்சிய காயைக் குரங்குகள் முடித்தன.

பிறகு மதுரா கூட்டிப் போய்க் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்வித்தாள். தெளிந்த கண்ணோடு அவர் முதலில் கேட்டது துவக்கைத்தான்.

"அண்ணை, அந்தக் குட்டி இருந்த பலாக் கொப்பிலை ஒரு சாக்குத் துண்டு கட்டிவிடுங்கோ."

கட்டினேன். குண்டு போடாமல், ஒன்பதில் வைத்துத் தூர மரத்துப் பேணியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பேணியிலை எழுத்துக்கூடத் தெரியுது. சாக்குப் புகையாத்தான் கிடக்குது."

நாலுக்குத் திருகினார். "இப்ப சாக்குத் தெரியுது."

நானும் குனிந்து பார்த்தேன். பெரிதாக்கப் பெரிதாக்க அந்தக் கண்ணாடி ஒரு குறித்த தூரத்தை மட்டும்தான் துலக்கிக் காட்டுகிறது. அதற்கு இந்தப் பக்கம் உள்ளதும் அந்தப் பக்கம் உள்ளதும் கரைந்துபோகிறது. திறமென்று பார்த்து வாங்கிய எனக்கே அது தெரியாது. அதுவரை அவர் தன் கண்ணைக் குறை சொல்லியாவது கொஞ்சம் ஆறியிருந்தார்.

"திருகியை நாலிலையே ஒட்டித் தாறன். இனித் திரும்பாது" என்றேன்.

"வேண்டாம் அண்ணை. அப்ப நாலிலை பேணி சரியாத் தெரியேல்லை. தெரியேல்லையெண்டால் சுடாமல் விட்டிருக்கலாம். நான்தான் பேணி தெரிஞ்சால் போதுமெண்டு திருகினனான்."

ஆள் வைத்துக் காவல் காக்கட்டுமா என்றும் கேட்டேன், விடவில்லை. மரங்களில் இப்போது குரங்குகள்தான். புரண்டு கிடந்த லொறிகளை நிமிர்த்தியவன் நான். இதில் எங்கே கைவைப்பது என்று தெரியவில்லை. துவக்கை என்னிடம் திருப்பித் தந்தபோது கண்ணாடியை ஒரு பழைய சேலைத் துண்டால் இறுக்கிச் சுற்றியிருந்தார். நான் அதை அவிழ்க்கவில்லை.