சிவப்பிக்கு நான் சொன்ன கதை

பேத்தி பால்மாத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஒரே தகரப்பேணி மணம். இதைக் குடிக்கவா நான் முள்ளியவளைக்கு அங்காலே காணி எடுத்து வந்தேன்? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கோடாலியோடு வந்து, யானை படுத்த காட்டில் வயல் கண்டேன், கிணறு வெட்டினேன், வீடு கட்டினேன், பட்டி நிறைய மாடு வைத்தேன். கண்ணால் கண்டவர்கள் இப்போது இல்லை. ஆகவே நானே சொல்லவேண்டிக் கிடக்கிறது.

மாடு என்றதும் சிவப்பிதான் முன்னால் வந்து நிற்கிறது. மனிசி சீதனமாகக் கொண்டுவந்த பசு. கன்றைச் சிறுத்தை தூக்கின பிறகு மனிசியைத் தவிர ஒருவருக்கும் பால் விடாது. அந்த நேரம் பார்த்து மனிசிக்கு மலேரியா, ஆசுப்பத்திரியில் மறித்துவிட்டார்கள். கைக்குழந்தை மூத்தவன் என்னோடு வீட்டில். அவன் பசியில் கத்துகிறான், இங்கே மடி கல்லுமாதிரி இறுகிக் கிடக்கிறது. செம்போடு குந்தினால் உதைதான். யானையைக் கலைத்தவனைப் பசு கலைத்தது.

கருவாடு கொண்டுவந்து மோருக்கு மாற்றுகிற கடற்கரைத் திரேசம்மா படலையடியில் நின்று பார்த்தா.

"அண்ணை, அக்கான்ர சீலையைக் கட்டிக்கொண்டு போங்கோ."

"ஆம்பிளை நான் சீலை கட்டுறதோ?"

"பிள்ளை அழுறது ஆம்பிளைக்குக் கேக்கேல்லையோ?"

கட்டினேன். சிவப்பி முகர்ந்து பார்த்தது, உதைக்கவில்லை. ஆனால் ஒரு சொட்டுப் பால் இல்லை.

"கதையுங்கோ அண்ணை! அக்கா சும்மாவே கறக்கிறவா? உங்களை வைஞ்சு வைஞ்செல்லோ கறக்கிறவா!"

எனக்கு அது புதுச் செய்தி. என்ன செய்ய, குரலை மெலித்துத் தொடங்கினேன். "எடி சிவப்பி, இந்த மனிசன்ர புழுகைக் கேட்டியோடி? கிணறு வெட்டினவராம். மண் சுமந்தது ஆரடி? காடு வெட்டினவராம். வேர் கிளப்பினது ஆரடி?"

சர்ரென்று செம்புக்குள் பால் விழுந்தது. பால் வரட்டும் என்று சொன்னதுதான். நீங்கள் அதை உண்மையென்று எடுக்கவேண்டாம். வைய வைய நுரைத்துக்கொண்டு வந்தது. மூத்தவன் வயிறு முட்டக் குடித்துவிட்டு நித்திரையானான்.

மனிசி காய்ச்சல் மாறி வந்ததும் திரேசம்மா ஒன்றும் விடாமல் சொல்லிப்போட்டா. மனிசி சிரிக்கவில்லை. பட்டிக்குப் போய் சிவப்பியின் கழுத்தைத் தடவி, "வடிவா வைஞ்சவரோடி? முழுக்கச் சொன்னவரோ?" என்று கேட்டுக்கொண்டு நின்றா.

சிவப்பியின் வழியில் வந்த மாடுகள்தான் அந்தப் பட்டி. சண்டைக்குள் இடம்பெயர்ந்த அன்று பட்டிக் கடப்பைத் திறந்து காட்டுப்பக்கம் கலைத்துவிட்டோம். ஒன்றும் திரும்பவில்லை. எரு மணந்த இடத்தில் இப்போது சீமெந்து முற்றம். போன மாதம் மனிசியும் போய்விட்டா.

முப்பத்தோராம் நாளுக்கு மூத்தவன் நினைவு மலர் அடிக்கிறான். சிவப்பியின் பாலில் அம்மா தன்னை வளர்த்தா என்று எழுதியிருக்கிறான்; பேத்தி வாசித்துக் காட்டினாள். வளர்த்தாதான். ஆர் இல்லையென்றது? ஆனால் தம்பி, அம்மா ஆசுப்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் நீ குடித்த பால், நான் சீலை கட்டிக் கறந்தது. அதையும் போடு. அம்மாவின் பெயருக்குக் கீழே போட்டால் போதும்.